கரிச்சானுக்கு ஒரு குச்சி



இன்றைக்கு நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது ஒரு குச்சியைப் பற்றி. ஆறடிக் குச்சி ஒன்று, அதன் தலையில் குறுக்கே ஒன்றரை அடிக் குச்சி ஒன்று, கட்டுவதற்கு ஒரு முழம் கயிறு. சாமான் அவ்வளவுதான். இதைப் பயிருக்குள் ஊன்றி வைத்தால் பறவை வந்து உட்காரும், உட்கார்ந்த பறவை புழுவைத் தின்னும் என்று விவசாய இலாகாக்காரர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பறவை தாங்கி என்று அதற்குப் பெயர். சில ஊரில் பறவை இருக்கை என்கிறார்கள். ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருப்பதால் டி-குச்சி என்று சொல்பவர்களும் உண்டு.

"இதுக்குப் போய் ஒரு ரேடியோ பேச்சா?" என்று நீங்க கேட்கலாம். குச்சி சின்னதுதான். ஆனால் அது நம்ம வயலுக்குள்ளே வந்து சேர்ந்த கதை சின்னதில்லை. அந்தக் கதை தெரியாமல் குச்சியை மட்டும் நட்டால், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கொண்டு பாவம் செய்தவர்கள் ஆகிவிடுவோம். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உழவனுக்கும் பறவைக்கும் உள்ள பழைய உறவு விரட்டுகிற உறவுதான். சங்கப் பாட்டுகளில் குறிஞ்சித் திணையைப் படித்தவர்களுக்குத் தெரியும். தினைப்புனத்தில் பரண் கட்டி, அதன்மேல் பெண்பிள்ளைகளை உட்கார வைத்து, கவண் கல்லாலும் தட்டை, குளிர் என்ற ஓசைக் கருவிகளாலும் கிளி ஓட்டினார்கள். நம்ம காலத்திலும் கம்பங்காட்டில் தகர டப்பா தட்டாத பிள்ளை உண்டா? தானியம் தின்னும் பறவையை ஓட்டியது நியாயம்தான். ஆனால் எல்லாப் பறவையும் தானியம் தின்னுவதில்லை என்பதும் நம்ம முன்னோர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரு பக்கம் கிளியை ஓட்டிய அதே குடியானவன், அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசல் நிலையில் தொங்கவிட்டு, சிட்டுக்குருவிக்குப் படியளந்தான். வளர்ந்த குருவி நெல் கொத்தும், வாஸ்தவம். ஆனால் கூட்டில் இருக்கிற குஞ்சுக்கு அது நெல்லைக் கொண்டுபோய் ஊட்டுவதில்லை. புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். கொல்லைக் கத்தரிச் செடிக்கு அதனால் எவ்வளவு லாபம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்குப் பார்த்து, காசு செலவழித்துப் பறவையை வரவழைத்த கதைகளும் சரித்திரத்தில் உண்டு. இந்துமகா சமுத்திரத்தில் மொரிஷியஸ் தீவு இருக்கிறதே, அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்தபோது செவ்வெட்டுக்கிளி பயிரை அழித்துக் கொண்டிருந்தது. 1762-ம் ஆண்டில் இந்தியாவிலிருந்து கப்பலில் மைனாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு, பூச்சியை அடக்குவதற்கென்றே ஓர் உயிரைக் கொண்டுபோய் வெற்றி கண்டதற்கு முதல் உதாரணம் என்று இதைத்தான் பூச்சியியல் புத்தகங்களில் எழுதுகிறார்கள். நம்ம வீட்டுக் கூரையில் கத்துகிற மைனாவுக்கு இப்படி ஒரு பெருமை! அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்கு மைனா போயிற்று. அங்கே பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக் கொண்டு, இன்றைக்குப் பெரிய தொல்லையாகி நிற்கிறது. நம்ம கரிச்சானையும் விட்டு வைக்கவில்லை. 1935-ல் ஜப்பானியர்கள் தைவானிலிருந்து கரிச்சானைப் பிடித்துப் பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில் கொண்டுபோய் விட்டார்கள், பூச்சியைத் தின்னட்டும் என்று.

ஊர்விட்டு ஊர் பறவையைக் கொண்டுபோவது வம்பு. உள்ளூர்ப் பறவைக்கு உட்கார இடம் கொடுப்பதில் அந்த வம்பு இல்லை. இந்த யோசனை நம்ம பக்கத்தில் புதிதும் அல்ல. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரியை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே வரும் நீர்ப்பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை மேல் இரக்கம் ஒரு காரணம். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது இன்னொரு காரணம். அந்தப் பறவைகள் தங்கியதும் எதனால்? தண்ணீருக்குள் கடம்ப மரங்கள் நின்றதனால். உட்கார இடம் இருந்தது, உட்கார்ந்தன.

இப்போது கரிச்சானுக்கு வருகிறேன். கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்று ஊருக்கு ஒரு பெயர். உடம்பெல்லாம் மினுமினுக்கும் கறுப்பு, வால் நுனி மீன் வால் போலப் பிளந்திருக்கும். மைனாவைவிடப் பெரிதில்லை, ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் காக்காய் வந்தாலும் பருந்து வந்தாலும் துரத்தித் துரத்திக் கொத்தும். அதனால் சாதுவான பறவைகள் கரிச்சான் கூட்டுக்கு அருகிலேயே தங்கள் கூட்டையும் கட்டிக் கொள்ளும். மதுரைத் திருவிளையாடலில் கரிக்குருவிக்கு உபதேசித்த படலம் என்றே ஒன்று இருக்கிறது. காக்கை முதலான பறவைகளால் துன்பப்பட்ட எளிய குருவிக்கு இறைவன் மந்திரம் உபதேசித்து, 'வலியான்' ஆக்கினார் என்பது கதை. எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலன் 'கரிச்சான்' என்று புனைபெயர் வைத்துக் கொண்டார். அவர்மேல் பக்தி கொண்ட நாராயணசாமி 'கரிச்சான் குஞ்சு' ஆனார். விடிகிறதுக்கு முன்னே முதலில் குரல் கொடுப்பதும் இதுதான். கரிச்சான் கத்தினால் ஏர் பூட்ட எழுந்திருக்கிற காலம் ஒன்று இருந்தது.

கரிச்சான் இரை தேடுகிற விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கொக்கு நடந்து தேடும். தகைவிலான் பறந்துகொண்டே பிடிக்கும். கரிச்சான் அப்படியில்லை, அது உட்கார்ந்து வேட்டையாடுகிற ஜாதி. உயரமாக ஓர் இடம், சுற்றிலும் மறைப்பில்லாத பார்வை, இந்த இரண்டும் வேண்டும். அங்கிருந்து தரையையும் இலையையும் பார்த்துக் கொண்டிருக்கும். ஏதாவது அசைந்தால் ஒரே பாய்ச்சல், பிடித்ததும் திரும்பவும் பழைய இடம். பஞ்சுருட்டானும் பனங்காடையும் இதே மாதிரிதான். ஆடுமாடு மேய்கிற இடத்தில் கரிச்சான் மாட்டு முதுகில் சவாரி செய்வது எதற்கு? மாடு நடக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்பும், அதைப் பிடிக்கத்தான். மாடு அதற்கு ஒரு நடமாடும் பரண்.

ஆகவே பத்து ஏக்கர் பருத்திக் காட்டில் ஒரு மரம்கூட இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓரத்து வேலியிலும் மின்கம்பியிலும் உட்கார்ந்து ஓரத்துப் புழுவை மட்டும் தின்னும். நடுக்காட்டில் உள்ள புழுவுக்கு எமன் இல்லை. நடுக்காட்டுக்கு எமனைக் கூட்டி வருவதுதான் இந்தக் குச்சியின் வேலை.

பறவை என்ன தின்னுகிறது என்பதை ஊகமாகச் சொல்லாமல், வயிற்றை அறுத்தே பார்த்தவர்கள் உண்டு. பீகாரில் பூசா என்ற ஊரில் 1905-ல் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1934 பூகம்பத்தில் அது இடிந்து, பிறகு டில்லிக்கு மாறியது. அந்தப் பூசாவில் மேசன் என்ற துரையும், தலைமைப் பூச்சியியல் அதிகாரியாக இருந்த மாக்ஸ்வெல் லெப்ராயும் சேர்ந்து, 1912-ல் இந்தியப் பறவைகளின் உணவைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார்கள். பறவையைச் சுடுவது, இரைப்பையைத் திறப்பது, உள்ளே கிடக்கும் வண்டு, புழு, தானியம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவது. அருவருப்பான வேலைதான், ஆனால் அதனால்தான் வழக்குத் தீர்ந்தது. பச்சைக்கிளி பயிருக்குப் பகை, கரிச்சான் பெரும்பாலும் நண்பன் என்று எழுத்தில் பதிவாயிற்று. கரிச்சானும் பஞ்சுருட்டானும் தேனீயைப் பிடிக்கும் என்ற குற்றச்சாட்டும் உண்மைதான். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இந்தக் குச்சியை நடாமல் இருப்பது புத்தி.

சரி, அந்தக் காலத்தில் இப்படிக் குச்சி ஊன்றச் சொல்லி யாரும் பிரசாரம் செய்யவில்லையே, ஏன்? அவசியம் இல்லை. வயல் முழுக்க உட்காரும் இடமாக இருந்தது. வரப்பில் பூவரசு, வாகை. மேட்டில் கருவேல், பனை. புன்செய்க்குக் கிளுவை வேலி. பருத்தியைச் சுற்றி ஆமணக்கு. கிணற்றடியில் கவலைக்கு நட்ட கால்கள், ஏற்ற மரம். கிணறு தப்பினால் பரண். வயலில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இவற்றின் தலையில் ஒரு கரிச்சான் இருக்கும். பிறகு மின்சார மோட்டார் வந்தது, கவலைக்கால் விறகாயிற்று. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று வரப்பு மரம் போயிற்று. நிழல் அடிக்கிறது என்று மிச்சம் இருந்ததும் போயிற்று. மோட்டாருக்காக இழுத்த கம்பியில்தான் கரிச்சான் போய் உட்கார்ந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கவலை இறைத்த முதுகுக்குத்தான் மோட்டாரின் அருமை தெரியும்.

மரம் போனதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மருந்து வந்தது. 1965-ல் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வெளிவந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. வானொலி சொன்னால் உழவன் கேட்பான் என்று ஊரறிந்த காலம் அது. அதே காலத்தில் வானொலியும் இலாகாவும் மருந்துக் கடையும் ஒரே குரலில் சொன்ன இன்னொன்றையும் உழவன் கேட்டான். டி.டி.டி., பி.எச்.சி. தூள், எண்டிரின். புழு செத்தது. வயலைப் பார்த்த மனசு குளிர்ந்தது. செத்த புழுவைத் தின்ற குருவியைப் பற்றிப் பேசுவார் இல்லை. அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் என்ற அம்மாள் 1962-லேயே, பறவைக் குரல் கேட்காத வசந்தம் வரப்போகிறது என்று எழுதி எச்சரித்திருந்தார். நம்ம ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது 1989-ல். எண்டிரின் போனது 1990-ல், பி.எச்.சி. போனது 1997-ல். எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல்தான் முற்றுப்புள்ளி வைத்தது.

பறவையை ஒரேயடியாக ஒழித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவில் நடந்ததைச் சொல்லாமல் தீராது. அது ஒருவகையில் உட்காரும் இடத்தைப் பற்றிய கதையும்கூட. 1958-ல் அங்கே நான்கு பீடைகளை ஒழிப்பது என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி. தானியம் தின்கிறது என்பது குருவியின் மேல் குற்றம். துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் அவர்கள் ஆயுதமில்லை. ஊர் ஜனங்கள் மொத்தமும் மரத்தடியிலும் கூரைமேலும் வயலிலும் நின்று தட்டையும் தாம்பாளத்தையும் பறையையும் தட்டினார்கள். குருவி எங்கே உட்காரப் போனாலும் சத்தம். உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து, களைத்துப்போய் வானத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. கூட்டைக் கலைத்தார்கள், முட்டையை உடைத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் பயிரில் பூச்சி பெருகியது. பறவையியல் அறிஞர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் சீனாவில் வந்த கொடும் பஞ்சத்துக்கு அரசாங்கத்தின் கொள்முதல், தவறான சாகுபடித் திட்டங்கள் என்று பெரிய காரணங்கள் பல உண்டு. குருவி ஒழிப்பும் அதற்குத் துணைபோயிற்று.

நம்ம பக்கத்தில் பாடம் கற்றுக் கொடுத்தது பருத்தி. 1980-ஐ ஒட்டிச் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் வந்தன. முதல் இரண்டு வருஷம் அற்புதம் என்றார்கள். 1987-88-ல் ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் ஜில்லாக்களில் பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் மசியாமல் காட்டையே தின்றது. ஒரு பருவத்தில் பத்து, இருபது தடவைகூட அடித்தார்கள். புழு சாகவில்லை, கடன்தான் ஏறியது. உயிரை விட்ட குடியானவர்களும் உண்டு. அதற்கு முன்னமே, 1985-ல், ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புதான் இனி நம்ம கொள்கை என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. அந்த வார்த்தைக்கு உயிர் வந்தது இந்த அடிக்குப் பிறகுதான். வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, ஓரத்தில் ஆமணக்கு என்று சிபாரிசுப் பட்டியல் தயாராயிற்று. அதில் ஓர் ஓரத்தில் இந்தக் குச்சியும் வந்து உட்கார்ந்தது. கம்மம் ஜில்லாவில் புனுகுலா என்ற கிராமம் இந்த மாதிரி முறைகளைக் கைக்கொண்டு, 2003-04 வாக்கில் மருந்தே வாங்காத ஊர் என்று பெயர் எடுத்தது. வெறும் குச்சியால் வந்த பெயர் அல்ல அது. ஆனால் குச்சியும் அதில் உண்டு.

இங்கேதான் முன்னே சொன்ன பாவத்தின் விஷயம் வருகிறது. சில காடுகளில் பார்க்கிறோம். இலாகாவில் சொன்னார்கள் என்று ஏக்கருக்கு இருபது குச்சி நட்டிருக்கும். அதே காட்டில் முதுகில் தெளிப்பானைக் கட்டிக் கொண்டு ஓர் ஆள் மோனோகுரோட்டோபாஸ் அடித்துக் கொண்டிருப்பார். மருந்து பட்ட புழு உடனே சாவதில்லை. மயங்கித் துடிக்கும். துடிக்கிற புழுதான் பறவை கண்ணில் முதலில் படும். இலை போட்டுக் கூப்பிட்டு, சோற்றில் விஷம் வைக்கிற கதை இது. 1995-96-ல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்காக அடித்த இதே மோனோகுரோட்டோபாஸால், வெட்டுக்கிளி தின்ன வந்த வல்லூறு இனம் ஒன்று ஆயிரக்கணக்கில் வயலிலேயே செத்துக் கிடந்தது. ஆகையால் குச்சி நட்டவர் தெளிப்பானைக் கீழே வைத்தாக வேண்டும். இரண்டில் ஒன்றுதான். புழு வரம்பு மீறிவிட்டது, அடித்தே தீர வேண்டும் என்ற நிலைமை வந்தால், குச்சியை முதலில் பிடுங்கிவிட்டு அப்புறம் மருந்தைக் கலக்குங்கள். வேப்பங்கொட்டைச் சாறும், புழுவுக்கே நோய் உண்டாக்கும் என்.பி.வி. வைரஸ் கரைசலும் பறவைக்குக் கெடுதல் செய்யாது. வைரஸில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோய் கண்ட புழுவைத் தின்ற பறவைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் எச்சத்தில் வைரஸ் உயிரோடு இருக்கும். பறவை எச்சமிட்ட செடியில் அடுத்த புழு அதைத் தின்னும். கூலியில்லாத மருந்தடிப்பு!

குச்சியால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தண்டுக்குள்ளே புகுந்துவிட்ட குருத்துப்பூச்சிப் புழுவைக் கரிச்சான் என்ன செய்யும்? வெளியே பறக்கிற அந்துப்பூச்சியைத்தான் பிடிக்க முடியும். பி.டி. பருத்தி 2002-ல் வந்த பிறகு பச்சைக் காய்ப்புழுவின் கொட்டம் குறைந்தது. இப்போது தொல்லை கொடுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள்ளேயே குடித்தனம் செய்கிறது. பறவைக்கு அங்கே வேலை குறைவு. நிலக்கடலையில் வருகிற கம்பளிப்புழுவையும் பெரும்பாலான பறவைகள் தொடாது, மயிர் குத்தும். சுடலைக்குயில் மாதிரியான குயில் ஜாதிகள்தான் அதைத் தின்னும், அவையும் கூட்டமாக வருவதில்லை. ஆனால் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, நிலக்கடலை, நெல் இவற்றில் வெளியே ஊர்கிற, வெளியே பறக்கிற பூச்சிகளுக்கு இந்தக் குச்சி நன்றாகவே வேலை செய்யும். இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியைக் கரிச்சான் பிடிப்பதை நாற்று நட்ட வயலில் எவரும் நின்று பார்க்கலாம்.

செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குச்சிக்கும் இன்னொரு குச்சிக்கும் நடுவே பதினைந்து இருபது கெஜம் இருக்கட்டும். ஏக்கருக்குப் பத்து முதல் இருபது போதும். உயரம்தான் முக்கியம். பயிரின் தலைக்கு மேலே ஒன்று ஒன்றரை அடி தெரிய வேண்டும். நிலக்கடலைக்கு நாலடிக் குச்சி போதும், துவரைக்கு எட்டடி வேண்டியிருக்கும். பயிர் வளர வளரக் குச்சி பயிருக்குள் மறைந்துபோனால் பறவை வராது. ஆகவே முதலிலேயே நீளமாக வெட்டி, கொஞ்சம் ஆழமாக ஊன்றி, பிறகு தேவைப்படும்போது மேலே இழுத்துக் கொள்ளுங்கள். குறுக்குக் குச்சி சுண்டுவிரல் பருமனில், சொரசொரப்போடு இருந்தால் கரிச்சான் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் குழாயை நட்டுவிட்டுப் பறவை வரவில்லை என்று குறை சொல்லாதீர்கள். கயிறு தேங்காய் நாரோ கற்றாழை நாரோ போதும். ஆணி அடித்தால் குச்சி பிளக்கும். குச்சி ஆடக்கூடாது, காற்றில் ஆடுகிற குச்சியில் எந்தப் பறவையும் நிம்மதியாக உட்காராது.

கிளைரிசிடியா, கிளுவை போன்ற மரக்கொம்பைப் பச்சையாக வெட்டி ஊன்றினால் அதுவே வேர்விட்டுத் துளிர்க்கும். வரப்போரத்துக்கு இது நல்லது. கொண்டைக்கடலைக்குள் அங்கங்கே சோளமோ சூரியகாந்தியோ விதைத்து, அதையே உயிருள்ள பறவை தாங்கியாக்குகிறவர்களும் உண்டு. குச்சி வெட்டுகிற கூலிகூட மிச்சம்.

கொல்லைத் தோட்டம் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு: உங்களுக்கு இரண்டு குச்சி போதும். அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒன்று, கத்தரிப் பாத்தியின் நடுவில் ஒன்று. பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினம் மாற்றுங்கள். பூனை பதுங்கும் புதருக்கு அருகில் மட்டும் வைக்க வேண்டாம். கரிச்சான் வராவிட்டாலும் குண்டுக் கரிச்சான் வரும், மைனா வரும், குருவி வரும்.

இதுவரை பகல் பறவையைச் சொன்னேன். நெல் வயலுக்கு ராத்திரிப் பறவைதான் பெரிய உபகாரி. எலிக்காகச் சொல்கிறேன். காவிரிக் கரைக்காரர்களுக்கு எலியின் அட்டகாசத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து ராவெல்லாம் எலி பிடிக்கிறவர்களை வைத்துப் பார்த்துவிட்டோம், விஷ உருண்டை வைத்துப் பார்த்துவிட்டோம். கிட்டி நல்லதுதான், அதற்கு மேலே கூலி வாங்காத ஓர் ஆள் இருக்கிறது, ஆந்தை. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி விலங்கியல்காரர்கள் 1990-களில் கூகையை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பொறுக்கி, ஊறவைத்துப் பிரித்து, மண்டையோட்டையும் பல்லையும் வைத்து எந்த எலி என்று கண்டுபிடித்தார்கள். பூசாவில் பறவையைச் சுட்டு வயிற்றைத் திறந்தவர்கள் பார்த்த அதே கணக்கு. இங்கே பறவையைக் கொல்லாமலே பார்த்தார்கள். கிடைத்ததில் பெரும்பாலும் வயல் எலியும் சுண்டெலியும்தான். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்கு மரப்பெட்டிக் கூடு வைத்ததும், இஸ்ரேலில் 1983-ல் தொடங்கி வயல்களில் பெட்டி வைத்ததும் இதே நம்பிக்கையில்தான்.

ஆந்தைக்குக் குச்சி கொஞ்சம் வேறு மாதிரி. குறுக்குக் கட்டை மணிக்கட்டுப் பருமன் இருக்க வேண்டும். அதன்மேல் வைக்கோல் பிரியைச் சுற்றினால் நகத்துக்கு நல்ல பிடிமானம். டெல்டாவில் பல பேர் தென்னை மட்டையை ஓலையைக் கழித்துவிட்டுத் தலைகீழாக ஊன்றி விடுகிறார்கள். அகலமான அடிமட்டை மேலே வந்துவிடும், செலவே இல்லை. பனைமட்டை என்றால் இரண்டு பக்கத்துக் கருக்கையும் சீவிவிட வேண்டும். நட்ட உடனே வைப்பது நல்லது. எலி வளை பறித்துக் குட்டி போட்ட பிறகு வைத்தால் ஆந்தையும் திணறும்.

இதிலும் விஷத்தின் கதை உண்டு. புரோமடையலோன் வகை எலி மருந்து தின்ற எலி இரண்டு மூன்று நாள் தள்ளாடிக் கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்ற ஆந்தைக்கும் அந்த விஷம் ஏறும். ஆந்தை மட்டை ஊன்றிய வயலில் அந்த மருந்து வேண்டாம், கிட்டி போதும். இன்னொரு விஷம் மனசில் இருப்பது. கூகையைச் சாக்குருவி என்கிறோம், அலறினால் சாவு என்கிறோம், கல்லால் அடிக்கிறோம். ஆந்தையை அடிப்பதும் பிடிப்பதும் 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். கூகை அலறுகிற வீட்டில் சாவு விழுவது உண்மைதான், வீட்டில் அல்ல, பக்கத்து வயலில், எலிக்கு.

கடைசியாக ஒரு விஷயம், இதை மறக்க வேண்டாம். நெல், சோளம், கம்பு எதுவானாலும் கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பகல் பறவைக்கான குச்சிகளை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரிச்சானுக்குப் போட்ட இருக்கையில் கிளியும் குருவியும் வந்து உட்கார்ந்து கதிரைக் கொத்தும். துவரைக்கும் பருத்திக்கும் அந்தப் பயம் இல்லை, அறுவடை வரை நிற்கலாம். பிடுங்கிய குச்சியை வெயிலில் காயவைத்து, கட்டாகக் கட்டி, கரையான் ஏறாத இடத்தில் பரண்மேல் போட்டு வைத்தால் இரண்டு மூன்று போகத்துக்கு வரும். கயிறு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டிக் கொள்ளுங்கள்.